ஒட்டகம் இல்லாத குடில்

செவ்வாய்க்கிழமை மதியம் அம்மா போனில் சொன்னார்: "மைக்செட் செல்வின் மாமா போயிட்டார்டி. ரெண்டு நாளா நெஞ்சு வலி இருந்திருக்கு. யார்கிட்டயும் சொல்லலையாம்." எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அருமனையில் காணாமல் போன ஆடு முதல் கல்யாண வீட்டுச் சாப்பாட்டு நேரம் வரை எல்லாவற்றையும் மைக்கில் அறிவித்த மனிதர், தன் நெஞ்சு வலியை மட்டும் ரகசியமாக வைத்துக்கொண்டார். அவரை அறிந்த அருமனைக்காரர்கள் உங்களுக்கும் இந்தக் கோபம் இருக்கும்.

எதையும் கேட்டுச் செய்யும் பழக்கமே அவருக்குக் கிடையாது. எனக்குப் பதினாறு வயதில் அம்மாவுக்கு அருமனையில் ஆசிரியை வேலை கிடைத்து, சென்னையிலிருந்து குடிவந்தோம். நான் சென்னைத் தமிழில் வாயைத் திறந்தாலே வகுப்பில் சிரித்தார்கள். அதனால் பேசாமல் வரைந்துகொண்டிருந்தேன். யாராவது அருகில் வந்தால் தாளைக் கவிழ்த்துவிடுவேன். ஒருநாள் எங்கள் வீட்டு மின்விசிறியைச் சரிசெய்ய வந்த மாமாவிடம் அம்மா என் படங்களைக் காட்டிவிட்டார். மறுநாள் காலை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஜங்ஷனிலிருந்து அவர் குரல் கேட்டது: "இந்த வருசம் நம்ம கிறிஸ்மஸ் குடிலுக்குப் பொறத்தால உள்ள படத்த, புதுசா வந்த டீச்சருக்க மக வரையும்."

ஓடிப்போய், "என்னைக் கேட்கவே இல்லையே மாமா" என்றேன்.

"கேட்டா மாட்டேன்னு சொல்லுவல்லா மக்கா. அதான் கேக்கல்ல."

நீலம் வேண்டும் என்றேன். யார் வீட்டு இரும்பு கேட்டுக்கோ அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். போகட்டும் என்று, குழந்தை இயேசுவுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம் வரைந்தேன், மரத்துக்கு மரம் பால் வடியும் சிரட்டையோடு. அந்த ஊரில் எனக்குப் பிடித்திருந்தது அது ஒன்றுதான். மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். "பெத்லகேம்ல ஏதுட்டி ரப்பர்? ஒரு ஒட்டகமாவது போடு. ஒட்டகம் இல்லாத குடிலுக்குப் போட்டியில எவன் பரிசு தருவான்?" காலையில் வந்தால் ஒட்டகம், மாலையில் வந்தால் ஒட்டகம். கடைசியில் தானே ஏணியில் ஏறி, பச்சை நிறத்தில் ஒரு திமிலைத் தொடங்கிவிட்டார். நான் பிரஷ்ஷைப் பிடுங்கினேன். "இது என் படம். யாரும் கை வைக்கக் கூடாது!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அதுவரை எதையும் என் படம் என்று வெளியில் சொன்னதே இல்லை.

மாமா இறங்கி நேராக மைக்கை எடுத்தார். "குடில்ல ஒட்டகம் இல்லாததுக்குக் கமிட்டி பொறுப்பில்ல. படம் வரைஞ்ச பிள்ள சம்மதிக்கல்ல. சந்தேகம் உள்ளவங்க நேர்ல வந்து அவகிட்ட கேக்கலாம்."

வந்தார்கள், கூட்டமாக. அன்று மாலை முழுவதும் ஏன் ரப்பர் என்று என் சென்னைத் தமிழில் விளக்கிக்கொண்டே நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் அக்கா ஒருவர், "கர்த்தர் நம்ம தோட்டத்தில பொறந்த மாதிரில்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பரிசு கிடைக்கவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று ஒவ்வொரு டிசம்பரிலும் போனில் கூப்பிட்டுச் சொல்வார் மாமா. ஓவியம்தான் என் தொழில் என்று ஆன பிறகும் விடவில்லை.

இப்போதெல்லாம் யாராவது என் படத்தின் முன்னால் நின்று இதை வரைந்தது யார் என்று கேட்டால், நான் யோசிப்பதில்லை. நான்தான் என்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அன்று அவர் என்னைச் சொல்லவைத்த அந்த ஒரு சொல். அது போதும். ஆனால் இவ்வளவு கோபம் மிச்சமிருக்கிறதே, இதை இனி யாரிடம் போய்க் காட்டுவது?