பந்தைக் கையில் வைத்துவிட்டு

"...முகத்தைச் சுளிக்க மாட்டான், தலையை ஆட்ட மாட்டான். மேனேஜர் கையை நீட்டினால் பந்தை அந்தக் கைக்குள்ள வைச்சிட்டு நடந்து போவான். அதுக்காகத்தான் தம்பி எனக்கு அவனைப் பிடிக்கும்."

ஹூஸ்டனில் டயாலிசிஸ் சென்டர் வாசலில், என் காருக்குள் உட்கார்ந்து அங்கிள் ஒரு பேஸ்பால் பிட்சரைப் பற்றி, அதாவது பந்து வீசுகிறவனைப் பற்றி, இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. அவர் இறங்கவில்லை.

போன தடவை டாக்டரிடமே சொல்லிவிட்டார், இனிமேல் வர மாட்டேன் என்று. இதயம் பலவீனம், அதனால் மாற்றுச் சிறுநீரகம் கிடையாது. சர்க்கரை கால் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது. நிறுத்தினால் மிஞ்சிப்போனால் ஓரிரு வாரம் என்று டாக்டரும் மறைக்காமல் சொல்லியிருந்தார். நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் அன்று காலை எனக்கு போன் பண்ணி அழுதாள். "அண்ணா, ப்ளீஸ், எப்படியாவது உள்ளே கூட்டிட்டுப் போங்கோ. நாளைக்கு நான் வந்துடுவேன். அப்பா இஸ் எ ஃபைட்டர்."

நான் அங்கிளுக்குச் சொந்தமில்லை. அவர் யாழ்ப்பாணம், நான் மதுரைப் பக்கம். ஒரே அபார்ட்மெண்டில் மேல்வீடு, கீழ்வீடு. ஹில்கிராஃப்ட் தெருவில் ஒரு மளிகைக் கடையில் எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. அவர் மனைவி, ஆன்ட்டி, இறந்த பிறகு அவரை டயாலிசிஸுக்கு டிரைவ் பண்ணிக் கொண்டுபோவது என் பொறுப்பாகிவிட்டது, எப்படி என்று இருவருக்குமே ஞாபகமில்லை.

எனக்கு பேஸ்பால் சொல்லிக் கொடுத்தது அந்த சென்டரின் டி.வி.தான். ஊசி ஏறியிருக்கும் கையை அசைக்காமல் அவர் பழைய ஆட்டங்களைப் பார்ப்பார், பக்கத்தில் நான். பந்தைக் கூரைக்கு அடிக்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். அவருக்கு அவர்கள் கண்ணிலேயே படுவதில்லை.

"அவையைப் பாக்க ஊரே இருக்கு. பெஞ்சில இருக்கிற இவனை நான் பாக்காட்டி ஆர் பாக்கிறது?" என்பார்.

அவருடைய ஆட்கள் எல்லாம் ஒரு மாதிரி. இரண்டாவது கேட்சர் ஒருவன், பேட்டருக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கிறவன்; முதல் கேட்சருக்கு முட்டி வலித்தால்தான் இவனுக்கு வேலை. அடிக்கத் தெரியாது. "மட்டையைக் கொண்டு வாறான், திரும்பக் கொண்டு போறான், பொறுப்பான பிள்ளை" என்று அங்கிள் சிரிப்பார். இன்னொருவன், குண்டு பேட்டர் யாராவது முதல் பேஸுக்கு வந்துவிட்டால் அவனுக்குப் பதிலாக ஓடுவதற்கு மட்டும் இறங்குகிறவன். மூன்றாவதுதான் இந்த இடதுகைப் பிட்சர். ஒரே ஒரு பேட்டருக்காகக் கூப்பிடுவார்கள். அவுட் ஆக்கினாலும் சரி, அடி வாங்கினாலும் சரி, உடனே மேனேஜர் நடந்து வந்து கையை நீட்டுவார்: உன் வேலை முடிந்தது, பந்தைக் கொடு. பெரிய பிட்சர்கள் அந்த இடத்தில் முறைப்பார்கள், இன்னும் ஒரு ஆளுக்குப் போடுகிறேன் என்று வாதாடுவார்கள். சிலர் பந்தைத் தராமல் பின்னால் ஒளித்துக்கொள்வார்கள். இவன் கொடுத்துவிட்டுப் போய்விடுவான்.

அங்கிளின் பக்கத்து நாற்காலி ஒரு மெக்சிகோ அம்மாவுக்கு. ரத்தம் வெளியே போய்த் திரும்பும்போது உடம்பு ஜில்லிட்டுப் போகும். அங்கே எல்லாரும் வீட்டிலிருந்து கம்பளி கொண்டுவருவார்கள். அந்த அம்மா மட்டும் எப்போதும் மறந்துவிட்டு, பல் கிடுகிடுக்க ஆட்டத்தைப் பார்க்கும். அன்றைக்குக் கிளம்பியதும் மகள் மறுபடி போன் பண்ணி முதலில் கேட்டதும் அதைத்தான்: "கம்பளி எடுத்துட்டாரா?" எடுத்திருந்தார், நான் கூப்பிட்டதும் மறுக்காமல் காரிலும் ஏறியிருந்தார். மடித்து மடியில் வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

நான் அவர் பாஷையிலேயே பேசிப் பார்த்தேன். "அங்கிள், உங்க கேட்சரை எத்தனை டீம் வெளியே அனுப்புச்சு? அவன் திரும்பித் திரும்பி வரலையா? நீங்களும் அப்படித்தான். இன்னைக்கு ஒரு நாள் உள்ள வாங்க. நாளைக்குப் பொண்ணு வந்துருவா."

"அவனுக்கு முட்டி நல்லா இருந்தது தம்பி."

"ஃபைட்டர்னு சொல்றா உங்களை."

"ஃபைட்டராம்!" சத்தமாகவே சிரித்தார். இருமல் வந்தது. "என்ர மனிசியிட்டக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பா, நான் என்ன ஃபைட்டர் எண்டு. கரப்பானை அடிக்கிறதுக்கும் அவதான் வருவா."

"சிரிக்காதீங்க அங்கிள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நீர் ஒண்டும் சொல்ல வேண்டாம். நாளைக்கு அவள் வருவாள், நானே சொல்லுறன். நித்திரையில கிடக்காமல், வாந்தியில்லாமல், முகம் பாத்துக் கதைக்கக்கூடிய அப்பாவா இருந்து சொல்லோணும். இண்டைக்கு உள்ள போனால் நாளைக்கு நான் துணி மாதிரிக் கிடப்பன். உமக்குத் தெரியும்தானே?"

தெரியும். படியேற்றுவது நான்தான்.

அதன் பிறகுதான் அந்த இடதுகைப் பிட்சரைப் பற்றி அவர் அப்படிச் சொன்னது. சொல்லி முடித்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். காரின் கதவைத் திறந்தார். மெதுவாக ஒரு காலை வைத்தார், இன்னொரு காலை வைத்தார். கம்பளியை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். உள்ளேதான் போகிறார் என்று நினைத்தேன். மகளுக்குச் சொல்லலாம் என்று போனைக்கூட எடுத்துவிட்டேன்.

வாசலில் சக்கர நாற்காலியில் அந்த மெக்சிகோ அம்மா தன் முறைக்காகக் காத்திருந்தது. அங்கிள் குனிந்து, மடித்த கம்பளியை அந்த அம்மா கையில் வைத்தார். தோளில் ஒருமுறை தட்டினார். பிறகு திரும்பி நடந்து வந்து, காரில் ஏறி, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.