பேச்சில்லாத படமும் தாமரையின் வேனும்

கூட்டம் சேர்க்கும் வித்தையை எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம் என்று நினைத்திருந்தேன். திருப்பூரில் முப்பது வருஷம் தொழிற்சங்கம் நடத்தியவன் நான். அமெரிக்காவில், ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்டில் மகன் வீட்டுக்கு வந்த பிறகு, அந்த நினைப்பைத் தாமரைச்செல்வி உடைத்தார்.

தாமரைக்கு ஹூஸ்டனில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. சொந்த ஊர் பெருந்துறை. கூட வேலை பார்க்கும் லித்துவேனியப் பெண் ஒருத்தி, தன் நாட்டு ஆவணப்பட இயக்குநர் அல்கிர்தாஸ் பெர்ஜினிஸ் எடுத்த ஒன்பது படங்களையும் கொடுத்தாள். ஒவ்வொன்றும் அரைமணி நேரம். ரயில்வே கேட்காரர், பீட்ரூட் பிடுங்கும் பெண்கள், பால் வண்டிக்குக் காத்திருக்கும் கிராமம். வசனம் கிடையாது, வர்ணனை கிடையாது. அந்த மனுஷர் தன் வாழ்நாள் முழுக்க மற்ற மனுஷர்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒன்பதையும் நம் ஜனங்களுக்குக் காட்டியே தீருவேன் என்று தாமரை, எங்கள் குடியிருப்பின் கிளப்ஹவுஸை மாதம் ஒரு ஞாயிறு கேட்டு வாங்கினார்.

முதல் மாதம் ஏழு பேர். அடுத்த மாதம் ஐந்து. அதில் ஒருவர் பிச்சுமணி, பால் சொசைட்டியில் ரிட்டயர் ஆனவர். வீட்டில் தனியாக விட முடியாமல் மகன் சுஹாஸ் கூட்டி வந்திருந்தான். அன்று பால் வண்டிப் படம்.

"அந்த கேன் மூடி சரியா உக்காரலை. கொட்டப்போறது பாரும்மா!"

"அங்க்கிள், ப்ளீஸ்" என்றார் தாமரை.

திரையில் மூடி கழன்று பால் கொட்டியது.

"நான் சொன்னேனோல்லியோ!" பிச்சுமணி கைதட்டினார். தாமரையும் சிரித்துவிட்டார்.

வெளியே கமிட்டிச் செயலாளர் நவநீத் காத்திருந்தார். "மேடம், நெக்ஸ்ட் மந்த் இருபது பேர் வரலைன்னா ஸ்லாட்ட ஜூம்பா டான்ஸ் கிளாசுக்குக் குடுத்துருவோம்."

நான் நோட்டீஸ் எழுதினேன். 'உழைக்கும் மக்களின் மௌனத்தை முழங்கும் திரைக்காவியம்! அணிதிரண்டு வாரீர்!'

"அண்ணா, இதப் படிச்சா நானே வர மாட்டனுங்க" என்று தாமரை அதை மடித்து என் பையிலேயே வைத்தார். வாட்ஸ்அப்பில் அவர் போட்டது மூன்றே வரி: 'படத்தில் பேச்சு இல்லை. நீங்கள் பேசலாம். வேன் வீட்டுக்கே வரும்.'

விசிட்டர் விசாவில் வந்து, கார் ஓட்டத் தெரியாமல், டிவி இங்கிலீஷும் புரியாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்த அப்பா அம்மாக்களுக்குத்தான் அது போனது.

ஞாயிறு மத்தியானம் தாமரையின் மினிவேன் மூன்று டிரிப் அடித்தது. பீட்ரூட் படம் ஓட ஓட, அறை சந்தைக்கடையாக இரைந்தது. திரையோரக் கதவருகே நின்று நவநீத் எண்ணினார். தாமரையையும் என்னையும் சேர்த்துத்தான்.

"நைன்டீன், மேடம். சாரி."

"நின்னுட்டு எண்ணாதீங்க நவநீத். உள்ள வந்து உக்காருங்க. உங்களோட இருபது."

நவநீத் பதிலுக்கு வாயைத் திறந்தார். அதற்குள் பிச்சுமணி பக்கத்து நாற்காலியைத் தட்டினார். "உக்காருப்பா, மறைக்கறது!"

உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் போனில் விரல் ஓடியது. பிறகு போன் மடிக்கு இறங்கியது.

"அங்க்கிள், எல்லாருக்கும் க்ளவுஸ் இருக்கு. அந்த லேடிக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று கேட்டார் நவநீத்.

"அதைத்தானே அப்போலேருந்து நாங்க கத்திண்டிருக்கோம்!"

ஜூம்பா கிளாஸ் வேறு இடம் பார்த்துக்கொண்டது.