வெதுப்பகக் காசை எடுத்தவர் எங்கள் அம்மா

எங்கள் அம்மா கரவெட்டியில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். பதினேழு வயதில் தாயை இழந்து, சகோதரர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கு அனுப்பியவர். திருமணமாகி ஹனோவருக்கு வந்தார். எனக்கு நான்கு வயதாக இருக்கும்போது அப்பா மாரடைப்பில் காலமானார். அதன்பின் அம்மா ஓய்வு என்பதை அறிந்ததில்லை. இவை எல்லாம் உண்மை. பொறுமையில் பூமாதேவி என்று இன்னும் ஒரு வரி சேர்த்து இத்துடன் முடித்திருக்கலாம். முப்பத்தோராம் நாளுக்கு எங்கள் ஆட்கள் அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலர்களில் குறையுள்ள மனிதர் ஒருவர்கூட இறந்ததில்லை.

ஆனால் அம்மா என்னிடம் ஒரு பொறுப்பைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஹனோவரில் நெடுநாள் இருப்பவர்களுக்கு பாணும் கேக்கும் சுட்டு விற்ற அந்தச் சின்ன வெதுப்பகத்தைத் தெரியும். கணவரை இழந்த ஜேர்மன் மூதாட்டி ஒருவர் நடத்தினார். எங்கள் ஆட்களில் அங்கே முதலில் வேலைக்குச் சேர்ந்தவர் ராணி அன்ரி. அப்பா இறந்த வருடம் முதலாளி அம்மாவிடம் மன்றாடி எங்கள் அம்மாவையும் சேர்த்துவிட்டவர் அவர்தான். இருவரிடமும் கடையைப் பூட்டித் திறக்கும் திறப்பு இருந்தது. வேலை செய்பவர்களுக்கு முன்னால் காசுப்பெட்டியைச் சரிபார்ப்பது அவர்களை அவமதிப்பது என்று முதலாளி அம்மா நினைத்தார்.

பிறகு மாமாவின் பயணம் வந்தது. அம்மாவின் கடைசித் தம்பி ஜேர்மனிக்கு வரும் வழியில் அகப்பட்டு நிற்க, ஆட்களைக் களவாகக் கூட்டிவரும் ஏஜென்சிக்காரன் மேலும் காசு கேட்டான். அம்மா கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். காலையில் விற்கும் பாணில் சிலவற்றைக் காசு மெஷினில் அடிக்காமல், அந்தக் காசை அம்மா தன் பைக்குள் வைக்கத் தொடங்கினார். ஐந்து மாதங்கள் அப்படி நடந்தது. மாமா வந்து சேர்ந்தார்.

மாவும் சீனியும் முடிந்த அளவுக்குக் காசு வரவில்லை என்று கணக்காளர் கண்டுபிடித்தார். அந்த மாதம்தான் ராணி அன்ரி, மகள் வயதுக்கு வந்ததற்கான சாமத்தியவீட்டைப் பெரிய மண்டபம் எடுத்துச் செய்திருந்தார். முதலாளி அம்மாவும் அதற்கு வந்து, மண்டபத்தையும் நகைகளையும் கண்டிருந்தார். அது சீட்டுக் காசு என்று அன்ரி சொன்னார். சீட்டு என்றால் என்னவென்று ஒரு ஜேர்மன்காரிக்கு எப்படி விளங்கும்? அவர் பொலிசுக்குப் போகவில்லை. அழுதுகொண்டே அன்ரியிடம் திறப்பைத் திருப்பி வாங்கினார். சீட்டென்றால் என்னவென்று விளங்கப்படுத்தக்கூடிய ஒருவர் பக்கத்தில் நின்று பாண் அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மா வாய் திறக்கவில்லை. அதன்பின் ஆறு வருடம் அதே கடையில் வேலை செய்தார், ஒரு சதமும் தொடவில்லை. அதைச் சொல்லி அவருக்காக நான் நியாயம் கேட்க வரவில்லை.

அன்ரிதான் எடுத்தவர் என்ற கதை பிராங்பேர்ட் வரை போயிற்று. கோயிலில் அன்ரியை அர்ச்சனைச் சீட்டு விற்கவிடாமல் மரக்கறி வெட்ட இருத்தினார்கள். அவர் போன வீடுகளில் கைப்பைகளை எடுத்து அறைக்குள் வைத்தார்கள். அந்த வீடுகளில் அம்மாவும் இருந்தார், நானும் இருந்தேன். அன்ரியின் கணவர் வெளியே வருவதையே குறைத்துக்கொண்டார். மூன்று வருடத்துக்கு முன் அவர் இறந்துபோனார்.

கடைசி வாரம் மருத்துவமனையில் அம்மா எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"அன்ரியைக் கூப்பிடுறன். நீங்களே சொல்லுங்கோ, அம்மா."

"ஏலாது, பிள்ளை. எத்தினையோ தரம் அவவின்ர வாசல் மட்டும் போயிருக்கிறன். பெல் அடிக்க முதல் திரும்பி வந்திடுவன். நீ என்ர மலரில எழுது. அந்தக் கதை எல்லா வீட்டுக்கும் போனது. மலரும் எல்லா வீட்டுக்கும் போகும்."

செத்தவீடு முடிந்ததும் மாமாவிடம் சொன்னேன்.

"அக்கான்ர மலரில இதைப் போடுறதே? சனம் என்ன கதைக்கும்?" என்று ஏசினார்.

"அந்தக் காசிலதான் நீங்கள் வந்தனீங்கள், மாமா."

அது அவருக்கு அதுவரை தெரியாது. கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். பிறகு, "எழுது" என்று மட்டும் சொன்னார்.

இவ்வளவையும் எழுதி, அச்சுக்குக் கொடுக்கும் முன் ராணி அன்ரியிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டு, நின்றபடியே இரண்டு தரம் படித்தார். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுக்க, கையைக் காட்டி நிறுத்தினார்.

"கடைசி நாளையில என்ர மனுசன் என்னைக் கேட்டவர், பிள்ளை. 'உண்மையா நீ எடுக்கேல்லையோ?' எண்டு."

அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கி என்னிடம் தந்தார்.

"எத்தினை அடிக்கிறியள்?"

"இருநூறு, அன்ரி."

"காணாது" என்றார்.

மாமாவின் செலவில் அறுநூறு அடித்திருக்கிறோம். அம்மாவை இறுதிவரை பராமரித்த தாதியருக்கும், செத்தவீட்டுக்குத் தூர இடங்களிலிருந்து வந்தவர்களுக்கும், முப்பத்தொரு நாளும் எங்களுக்குச் சமைத்துத் தந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. ராணி அன்ரிக்கு நன்றி சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். இந்த மலரைப் படித்துவிட்டு அலுமாரியில் வைக்காதீர்கள். அன்று அந்தக் கதையை யாரிடம் சொன்னீர்களோ, அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.