வரதராசா கொடுத்த சம்மதம்

பாரிசின் லா சப்பலில் மரக்கறி வாங்குகிறவர்களுக்கு வரதராசாவைத் தெரியாமல் இருக்காது. முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில், குளிர்காலமென்றால் தொப்பியோடும், வெயில்காலமென்றால் அதே தொப்பியோடும் நிற்கிற மனிதர் அவர்தான். நேற்று வந்த கீரையை இன்று வந்தது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. முதலாளி பக்கத்தில் நின்றால், ஒன்றும் பேசாமல் கண்ணைக் காட்டிவிடுவார். பழகியவர்கள் கீரையை வைத்துவிட்டுக் கத்தரிக்காயை எடுப்பார்கள்.

அவருடைய பிரெஞ்சைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்லவே முடியாது. வந்த புதிதில் ஒரு உணவகத்தின் பின்பக்கம் கோப்பை கழுவினார். சமையல்காரர் என்ன கத்தினாலும் பதில் ஒன்றுதான்: ‘உவி’. அதாவது ஓம், ஆமாம். ‘உவி’ என்றால் யாரும் இரண்டாம் முறை கத்துவதில்லை என்று கண்டுகொண்டார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை விடவேயில்லை. ஒருநாள் சலூன்காரர் ஏதோ கேட்டார். இவர் ‘உவி’ என்றார். வீட்டுக்கு வந்தபோது, பள்ளிக்கூடத்தில் பேன் பார்த்து மொட்டையடித்த பொடியன் மாதிரி இருந்தார். அப்போதும் அந்தச் சொல்லின்மேல் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

‘உவி’ போதாத இடங்களுக்கு மகள் மிருணாளினி இருந்தாள். இங்கே பிறந்த பிள்ளை. தலை மேசைக்கு எட்டாத வயதிலேயே பிரெபெக்ச்சூர் அலுவலகத்தில் விசாக்காரியோடும், வைத்தியரோடும், வீட்டுக்காரரோடும் அப்பாவுக்காகப் பேசினாள். தன்னுடைய பள்ளிக்கூடக் கூட்டத்துக்கும் தானே மொழிபெயர்ப்பாளர். வகுப்பில் வாய் மூடுவதேயில்லை என்று ஆசிரியை முறையிட்டதை, “நான் நல்லாக் கதைக்கிறனாம்” என்று மாற்றிச் சொன்னாள். வரதராசா ஆசிரியைக்குக் கைகூப்பி நன்றி சொன்னார்.

அந்தப் பிள்ளை படித்து, தாதியாகி, தெற்கே அவிஞ்ஞோன் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். அங்கே டேமியன் என்ற பொடியனைக் கண்டாள்.

டேமியன் புதுச்சேரிக் குடும்பம். தாத்தா காலத்திலேயே பிரான்சுக்கு வந்தவர்கள்; வேதக்காரர், கிறிஸ்தவர்கள். படத்தைப் பார்த்தால் எங்கள் தெருவிலே திரிகிற பொடியன்களில் ஒருவன் மாதிரித்தான் இருப்பான். ஆனால் வாயைத் திறந்தால் பிரெஞ்சுதான். ‘வணக்கம்’, ‘போதும்’ தவிர வேறு தமிழ் கிடையாது. மகள் முதன்முதலில் அவன் பெயரைச் சொன்ன அன்று வரதராசா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க, தொலைபேசியில் மகளோடு காய்ச்சலையும் மழையையும் பற்றித்தான் பேசினார். அந்தப் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அது அவருடைய பிழைதான், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் மனிதர் மனம் ஒரே இடத்தில் நிற்பதில்லையே. அவளில்லாத வீட்டில் இருந்து இருந்து கோபம் கரைந்துவிட்டது. அதை மகளுக்குச் சொல்ல மட்டும் அவருக்குக் கூச்சமாக இருந்தது.

வசந்தம் வந்ததும் மகள் அழைத்தாள். சனி ஞாயிறு வந்து நின்று, ஊர் பார்த்து, ஆறுதலாக இருந்துவிட்டுப் போகச் சொன்னாள். கடைசியில் தமிழிலேயே ஒன்று சொன்னாள்.

“அப்பா, டேமியன் உங்களோடை ஒரு விசயம் கதைக்கோணுமாம். நான் இடையிலை நிண்டு சொல்ல மாட்டன். சின்னனிலை இருந்து சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன். இந்தமுறை நீங்களே கதையுங்கோ.”

என்ன விசயம் என்று விளங்காமல் இருக்க வரதராசா சின்னப் பிள்ளையா? அடுத்தநாள் கடையில் றஜீவனைப் பிடித்தார். றஜீவன் கூட வேலை செய்கிறவன், இங்கே படித்தவன்.

“பயப்பிடாதேங்கோ அண்ணை,” என்றான் றஜீவன். “மகளைக் கட்டலாமோ எண்டு கேப்பார். நீங்கள் ‘உவி’ எண்டு சொன்னால் காணும்.”

வரதராசாவுக்குப் பெரிய நிம்மதி. வாழ்க்கையின் மிகப் பெரிய கேள்விக்குப் பதில், தனக்கு நன்றாகத் தெரிந்த அந்த ஒரே சொல்தான்!

சனிக்கிழமை ரயிலில் அவருடைய மனைவி தில்லைநாயகி இடியப்பமும் சம்பலும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். குழம்பு வாசனைக்கு முன்சீட்டுக்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். அவிஞ்ஞோனில் வெயில் வெள்ளையாக அடித்தது. நகரத்தைச் சுற்றிக் கோட்டை மதில். உள்ளே பாப்பரசர்கள் இருந்த பென்னாம்பெரிய மாளிகை. ஆற்றில் ஒரு பழைய பாலம், பாதியோடு நின்றுபோனது. அதில் ஏறுவதற்கு ரிக்கெற்.

“அங்காலை போகாத பாலத்துக்கு ஏன் ரிக்கெற்?” என்று கேட்டார் வரதராசா.

மகள் சிரித்துக்கொண்டே அதை டேமியனுக்குச் சொன்னாள். டேமியன் விழுந்து விழுந்து சிரித்தான். பொடியன் நல்லவன். மாமிக்குக் கதிரை இழுத்துக் கொடுத்தான். காரமென்று கண்ணில் நீர் வழிய வழியச் சம்பலை வழித்துச் சாப்பிட்டான். “போதும், போதும்” என்றபடியே சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினான். வரதராசா அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் ஏதாவது சொல்ல வாயெடுப்பார், பிறகு மூடிக்கொள்வார். வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு மரநிழலில் இருந்து பழக்கமில்லாத மனிதருக்கு, அன்று மட்டும் அது பிடித்திருந்தது.

ஞாயிறு மத்தியானம் ஆற்றின் அக்கரையில், பெரிய மரங்களுக்குக் கீழே விரிப்புப் போட்டுச் சாப்பிட்டார்கள். சாப்பாடு முடிந்ததும் மகள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கரையோரம் நடக்கப் போய்விட்டாள். அது திட்டம்போட்டுச் செய்தது என்று வரதராசாவுக்கு விளங்கியது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

டேமியன் வியர்த்துப்போய் இருந்தான். கொலேஜில் கணக்குப் படிப்பிக்கிற பொடியன், வகுப்பில் எழுப்பிவிட்ட மாணவன் மாதிரி எச்சில் விழுங்கினான். பிரெஞ்சில் மெதுவாகத் தொடங்கினான். மிருணாளினியின் பெயர் வந்தது. ‘மரியாஜ்’, அதாவது கல்யாணம், வந்தது. பொடியன் மரியாதைக்காரன், பயந்தவன். அதனால் நேராகக் கேட்காமல் சுற்றிக் கேட்டான்: “உங்களுக்கு எதிர்ப்பு ஒன்றும் இல்லையே, ஐயா?”

வரதராசா நிமிர்ந்து உட்கார்ந்தார். மகளைக் கொடுக்கிற நேரத்தில் தகப்பன் பல்லைக் காட்டக்கூடாது என்பது அவருடைய எண்ணம். முகத்தை இறுக்கிக்கொண்டு, தெளிவாகச் சொன்னார்:

“உவி.”

டேமியனின் முகம் செத்துப்போயிற்று. காதில் சரியாக விழவில்லையோ என்று இன்னொருமுறை கேட்டான்: “எங்கள் கல்யாணம் உங்களுக்கு விருப்பமில்லையா?”

மறுபடி ‘மரியாஜ்’ மட்டும்தான் விளங்கியது. “உவி, உவி,” என்றார் வரதராசா. பொடியன் ஏன் இப்படிப் பயப்படுகிறான் என்று இரக்கமாக இருந்தது. அவன் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். கண் கலங்கியதை அவன் பார்க்கக்கூடாது என்று எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றார்.

பாருங்கள், முதல் கேள்விக்குத் தமிழில் இது பிழையே இல்லை. “கோபமில்லையே?” என்று கேட்டால் நாங்கள் “ஓம், இல்லை” என்போம். பாதியை வாயால் சொல்லுவோம், மீதி தானே விளங்கும். பிரெஞ்சுக்காரருக்கு அது விளங்காது. “எதிர்ப்பில்லையே?” என்றதற்கு அவர் ‘நோன்’ என்றிருக்க வேண்டும். “விருப்பமில்லையா?” என்றதற்கு ‘சி’ என்ற மூன்றாவது சொல் ஒன்று இருக்கிறது; ‘இல்லையில்லை, விருப்பம்தான்’ என்று அர்த்தம். முன்பு மொழி வகுப்பில் அதைச் சொல்லிக் கொடுத்தபோது வரதராசா சிரித்துவிட்டார். மரியாதைப்பட்ட மனிதருக்கு முன்னால் நாயைத் துரத்துகிற மாதிரி ‘சீ’ என்பதா? அந்தச் சொல்லை அன்றைக்கே கழித்துவிட்டார்.

அன்று பின்னேரம் அவரைப் போலச் சந்தோசமான மனிதர் அந்த நகரத்தில் இருந்திருக்க மாட்டார். மகள் டேமியனோடு தள்ளி நின்று ஏதோ கதைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி நடந்தாள். வெட்கம் என்று நினைத்தார். அவள் கண் சிவந்திருந்தது. கல்யாணப் பெண் அழுவது வழக்கம்தானே என்று நினைத்தார். ஸ்டேஷனில் அவள் அவரைக் கட்டிப்பிடித்தபோது உடம்பு கட்டைபோல இருந்தது. அதை மட்டும் என்ன நினைப்பதென்று தெரியவில்லை.

ரயில் வெளிக்கிட்டதும் மனைவியிடம் கேட்டார்.

“நாயகி, ஆவணியிலை நாள் பாப்பமோ?”

தில்லைநாயகி அவரை மேலும் கீழும் பார்த்தாள். “மாட்டன் எண்டு முகத்திலை அடிச்ச மாதிரிச் சொல்லிப்போட்டு, இப்ப நாளோ? பிள்ளை என்ரை தோளிலை விழுந்து அழுதவள். ஒண்டும் கேக்காதேங்கோ அம்மா எண்டவள்.”

“ஆர் மாட்டன் எண்டது? நான் ஓம் எண்டெல்லோ சொன்னனான்! ரண்டு தரம் சொன்னனான்!”

பக்கத்துச் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். அவர் மகளுக்குத் தொலைபேசி அடித்தார், அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். பாரிசில், கியார் து லியோன் ஸ்டேஷனில் இறங்கும்வரை அடித்துக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை கடையில், டேமியன் கேட்டதைக் காதில் பதிந்தபடியே வரதராசா சொல்லிக்காட்ட, றஜீவன் தலையில் கையை வைத்தான். “ஐயோ அண்ணை, அவர் இப்பிடித் திருப்பிக் கேப்பார் எண்டு நான் கண்டனானோ?” என்றான். எங்கே எது சொல்ல வேண்டுமென்று வாழைக்காயைக் காட்டிக் காட்டி விளங்கப்படுத்தினான். வரதராசா தொலைபேசியை எடுத்தார். டேமியனின் நம்பருக்கு அடித்து, “மரியாஜ், உவி! உவி!” என்று கத்தினார். அந்தப் பக்கம் பொடியன் மிகப் பணிவாக ஏதோ நீளமாகச் சொல்லி, நன்றி சொல்லி வைத்தான். என்ன சொன்னான் என்று இவருக்கு விளங்கவில்லை.

இரவு மகளே எடுத்தாள். அவர் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். கேள்வி இப்படி, பதில் அப்படி, றஜீவன் சொன்னது, வகுப்பில் ‘சீ’ என்றது. மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அப்பா, உங்கடை ‘உவி’ எனக்குத் தெரியாதோ?” என்றாள் பிறகு. “டேமியன் உங்கடை முகத்தைப் பார்த்தவர். சிரிக்கவேயில்லையாம். ஆறுதல் சொல்லித் தட்டிப்போட்டு, திரும்பி நிண்டனீங்களாம்.”

“அது எனக்கு அழுகை வந்ததடி, பிள்ளை.”

“ஓமப்பா.” அவள் குரல் தணிந்திருந்தது. “குளிர்காலம் முழுக்க அவரின்ரை பேரை ஒருக்காலும் நீங்கள் சொல்லேல்லை. இப்ப நான் அழுதது தெரிஞ்ச உடனை ஓம் எண்டுறீங்கள். எனக்காகத்தானே? ஒருத்தர் சொன்னதை மற்றவருக்கு நோகாமல் மாத்திச் சொல்லுறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியுமப்பா. எத்தினை வருசம் அந்த வேலை செய்தனான்.”

“சத்தியமாப் பிள்ளை...”

“சத்தியம் பண்ணாதேங்கோ. எனக்குக் கோவமில்லை.”

உண்மையைச் சொல்லச் சொல்ல அது பொய்யாகிக்கொண்டு போனது. சொல்லாமல் விட்டால் ஆற்றங்கரையில் சொன்னதே நிலைத்துவிடும். மனிதர் என்னதான் செய்வார்? கையைப் பிசைந்துகொண்டு கட்டிலின் ஓரத்தில் இருந்தார். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் டேமியன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். மகள் நல்லாயிருக்கிறார் என்பாள். பிறகு மழையைப் பற்றிப் பேசினார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கடையில் சனம் நெருக்கியடித்து நின்றது. சென் தெனிப் பக்கத்தில் அலுவலகக் கந்தோர் கூட்டுகிற வேலையை முடித்துவிட்டு, தில்லைநாயகி நேரே கடைக்கு வந்தாள். தொலைபேசியை நீட்டினாள். அதில் ஒரு படம்: அவிஞ்ஞோன் மேரி, கல்யாணம் எழுதுகிற நகரசபையின் படிகள். மிருணாளினி நல்ல மஞ்சளில் சேலை உடுத்தியிருந்தாள், பக்கத்தில் டேமியன். சாட்சிக்கு வந்த சிநேகிதர்களைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. அவனுடைய தாய் தகப்பனும் இல்லை.

“உங்களை வில்லங்கப்படுத்தக்கூடாது எண்டுதான் சொல்லேல்லையாம்,” என்றாள் தில்லைநாயகி. “விருப்பமில்லாத இடத்திலை உங்களைக் கொண்டுவந்து நிப்பாட்டிச் சிரிக்கச் சொல்ல அவளுக்கு மனம் வரேல்லையாம். அதுக்காகத் தங்கடை ஆக்களையும் கூப்பிடேல்லையாம்.”

வரதராசா படத்தை வெகுநேரம் பார்த்தார். சேலைக் கொய்யக மடிப்பு ஒருபக்கம் இழுபட்டிருந்தது. பக்கத்தில் நின்று சரிசெய்துவிட ஒருவரும் இல்லை. தொலைபேசியை வாயருகே பிடித்து, சனத்தின் சத்தத்துக்குள், தமிழில் பேசி அனுப்பினார்.

“பிள்ளை, நல்லாயிருங்கோ ரண்டுபேரும். எனக்குச் சந்தோசம். அண்டைக்கும் சந்தோசம்தான்.”

பதில் உடனேயே வந்தது, பிரெஞ்சில். மகளுக்குத் தமிழ் எழுத வராது; இவருக்குப் பிரெஞ்சு வாசிக்க வராது. றஜீவனிடம் நீட்டினார். றஜீவன் வாசித்துவிட்டு, நிமிராமலே சொன்னான்:

“தனக்குத் தெரியுமாம் அண்ணை. நீங்கள் நல்ல அப்பாவாம். தனக்காக இப்பிடிச் சொல்லுறதுக்கு நன்றியாம்.”

முன்னால் நின்ற பெண்மணி முருங்கைக்காயை நீட்டி விலை கேட்டாள். வரதராசா அதை வாங்கித் தராசில் வைத்தார்.