பள்ளிக்கரணைக் குடோனில் நனைந்த சத்துமாவு

நானும் நண்பன் ஒருவனும் சேர்ந்து தாம்பரம் மேற்கில், செல்போன் கடை ஒன்றின் மாடியில், சின்னதாகத் தொழில் நடத்திக்கொண்டிருந்தோம். பழைய கம்பெனியில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரன் அவன். என்னைவிட இளையவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். வியாபாரம் செய்கிறவர்கள் பில் போடவும் சரக்கு இருப்பைப் பார்க்கவும் ஒரு சாஃப்ட்வேர் வைத்திருப்பார்கள். அதை அவர்களுடைய ஆன்லைன் கடையோடு இணைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. கடையில் ஒரு பாக்கெட் விற்றால் அந்த நொடியே வெப்சைட்டிலும் ஒன்று குறைய வேண்டும். வெப்சைட்டில் யாராவது வாங்கினால் பில் தானாகவே சாஃப்ட்வேரில் விழ வேண்டும். சொல்லும்போது சுலபம். செய்து முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

எங்கள் வாடிக்கையாளர்களில் பள்ளிக்கரணைக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய குடும்பத்துக்குச் சதுப்பு நிலத்தை ஒட்டி வயல் இருந்ததாம். அதில் கட்டட இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கி, மேலே குடோன் கட்டியிருந்தார். குழந்தைகளுக்கான சத்துமாவு, பேரீச்சை, உலர்பழம் எல்லாம் அங்கிருந்துதான் மேடவாக்கத்திலும் சேலையூரிலும் இருந்த அவருடைய கடைகளுக்குப் போகும். ஆன்லைன் ஆர்டர்களும் அங்கிருந்தே பார்சலாகும். நாங்கள் போவதற்கு முன்பு வெப்சைட் ஆர்டர்களை ஒரு பெண் தினமும் சாயங்காலம் உட்கார்ந்து சாஃப்ட்வேரில் ஏற்றிக்கொண்டிருந்தார். அதற்குள் கடையில் சரக்கு தீர்ந்துவிடும். பணம் கட்டியும் பொருள் வராதவர்கள் வெப்சைட்டில் கண்டபடி திட்டி எழுதியிருந்தார்கள்.

இணைப்பு வேலை முடிந்த அன்று அந்த மனிதர் குழந்தையாகிவிட்டார். கடையில் ஒரு பில்லைப் போடச் சொல்லி, கையிலிருந்த போனில் எண்ணிக்கை குறைவதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் காட்டினார்.

"பாருங்க, இங்க போட்டா அங்க கொறையுது. மறைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல!"

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த வருடத்து ஆயுதபூஜைக்கு எங்கள் ஆபீசுக்கு ஒரு பெட்டி சத்துமாவு அனுப்பினார். நண்பனுக்கு அப்போது ஒரு வயதுப் பெண் குழந்தை. பெட்டியை அவன் வீட்டுக்கே கொடுத்தேன்.

பிறகு மழை வந்தது. ஐப்பசி கடைசியில் பிடித்த மழை விடவே இல்லை. ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவே ஏரியாகிவிட்டது. வீட்டைவிட்டு நகர முடியாமல் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கரணை வெப்சைட்டில் சரக்கு ஒவ்வொன்றாக மறையத் தொடங்கியது. சத்துமாவு இல்லை. ராகி மாவு இல்லை. பேரீச்சை இல்லை. ஏதோ கோளாறு என்று பதறிச் சாஃப்ட்வேருக்குள் பார்த்தேன். கோளாறு ஒன்றுமில்லை. குடோனில் இருந்த சரக்கு முழுவதையும் அவர் ‘டேமேஜ்’ கணக்குக்கு மாற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் போட்ட இணைப்பு அதை உடனுக்குடன் வெப்சைட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. போன் செய்தேன்.

"எல்லாம் போச்சு மேடம். இடுப்பளவு தண்ணி," என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்கும் கண் கலங்கியது. அன்று நான் வருத்தப்பட்டதை இப்போது நினைத்தால்கூட எரிச்சலாக இருக்கிறது.

தண்ணீர் வடிந்தது. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனதாகக் குடோன் முதலாளி தகவல் சொன்னார். அதன்பின், நேரில் பேச வேண்டும், குடோனுக்கு வர முடியுமா என்று கேட்டார். போனேன்.

வாசலிலேயே நாற்றம் அடித்தது. சாக்கடையும் நனைந்த தானியமும் புளித்துச் சேர்ந்த நாற்றம். அதற்கு மேல் பினாயிலைக் கொட்டியிருந்தார்கள். சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. தரையில் சாக்கு விரித்து ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடையில் கலங்கல் தண்ணீர். அதில் துணியை நனைத்து, பாக்கெட்டின் சேற்றைத் துடைத்து, பழைய ஸ்டிக்கருக்கு மேல் புது ஸ்டிக்கர் ஒட்டி, பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கரப்பான் பூச்சி அடுக்கின் மேல் ஏறி இறங்கியது. யாரும் அதை விரட்டக்கூட இல்லை.

"மூக்கைப் பொத்திக்கினு வா மேடம்," என்றாள் ஓரமாக உட்கார்ந்திருந்தவள். "எங்கியோ எலி செத்துக் கீது. எங்கன்னுதான் தெர்ல."

"இதெல்லாம் எதுக்குத் துடைக்கிறீங்க?"

"இன்னா கேள்வி இது? விக்கறதுக்குத்தான்."

"நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போவீங்களா?"

"ஐய, த்தூ!" என்று திரும்பி நிஜமாகவே துப்பினாள். துப்பிவிட்டு அடுத்த பாக்கெட்டை எடுத்துத் துடைத்தாள்.

முதலாளி தன் அறையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். ஊதுபத்தி ஏற்றியிருந்தார். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"மேடம், ஒரு சின்ன வேலை. அந்த ரெண்டையும் கொஞ்சம் பிரிச்சு விட்டுடணும்."

"எந்த ரெண்டை?"

"சாஃப்ட்வேரையும் வெப்சைட்டையும்தான். சாஃப்ட்வேர்ல சரக்கு டேமேஜ்லயே இருக்கட்டும். இன்சூரன்ஸ்காரங்க கேட்டா காட்டணும். வெப்சைட்ல மட்டும் ஸ்டாக் இருக்கிற மாதிரி தெரியணும். அங்க வர்ற ஆர்டர் இங்க பில்லா விழக்கூடாது. அவ்ளோதான்."

புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நனைந்துவிட்டது என்று நஷ்டஈடும் வேண்டும். நனையவில்லை என்று விற்கவும் வேண்டும்.

"சார், இது குழந்தைங்க சாப்பிடறது."

"பாக்கெட் சீல் பண்ணது மேடம். தண்ணி உள்ள போகவே போகாது."

எழுந்து வெளியே போய் அடுக்கிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து வந்து அவர் மேஜையிலேயே பிரித்தேன். மாவு கட்டிகட்டியாக விழுந்தது. ஒரு கட்டியின் மேல் பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அவர் அந்தக் கட்டியை எடுத்தார், விரல்களால் நசுக்கினார், பூ என்று ஊதினார்.

"ஒண்ணு ரெண்டு இப்படி இருக்கும். மீதிய வெயில்ல காயவெச்சு மறுபடி அரைச்சா ஒண்ணுமே தெரியாது. அப்புறம் எப்படியும் கொதிக்க வெச்சுத்தானே குடுக்கறாங்க?"

சொல்லிக்கொண்டே அதே விரல்களால் ஒரு பிஸ்கட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "சாப்பிடுங்க."

அந்த விரல்களை என்னால் மறக்க முடியவில்லை. மோதிரத்தின் இடுக்கில் மாவு ஒட்டியிருந்தது. முடியாது சார் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வேளச்சேரி சாலைக்கு வந்ததும் ஒரு பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி, ஓரமாக நின்று கையையும் முகத்தையும் கழுவினேன். கழுவியும் நாற்றம் போகவில்லை.

ஆபீசுக்கு வந்து நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகத்தைச் சுளித்தான். "சீ, என்ன மனுசன்! நீ டென்ஷன் ஆகாத அக்கா, நான் பேசிக்கறேன்," என்றான். நான் நம்பினேன்.

வேலையைச் சோதிப்பதற்காக, பள்ளிக்கரணை வெப்சைட்டில் ஆர்டர் வந்தால் என் போனுக்கும் தகவல் வருகிற மாதிரி ஆரம்பத்திலேயே வைத்திருந்தேன். மழைக்குப் பிறகு அது ஊமையாகிவிட்டிருந்தது. ஒரு நாள் காலை மின்சார ரயிலில் வந்துகொண்டிருந்தேன். பெருங்களத்தூர் தாண்டியதும் போன் ஒலித்தது. சத்துமாவு, மாடம்பாக்கம். பிறகு இன்னொன்று, ராஜகீழ்ப்பாக்கம். பிறகு குரோம்பேட்டை. புதிதாகச் சரக்கு வந்திருக்கலாம் என்று கூட்டத்தில் நின்றபடியே சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்தேன். ஒரு மூட்டைகூடப் புதிதாக வரவில்லை. எல்லாம் இன்னும் டேமேஜில்தான் இருந்தது. வெப்சைட்டோ ‘புத்தம்புதிது’ என்று கூவி விற்றுக்கொண்டிருந்தது. அந்த இணைப்பைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் பிரிக்கவில்லை.

மாடிப்படி ஏறி உள்ளே போனதும் கேட்டேன். "நீயா பண்ணினே?"

அவன் திரையைவிட்டுத் தலையைத் திருப்பவில்லை. "கஸ்டமர் கேட்டாரு, பண்ணிக் குடுத்தேன். நாம பைப்பு போடறவங்கக்கா. உள்ள என்ன ஓடுதுன்னு பாக்கறது நம்ம வேலையா?"

"நான் பாத்துட்டு வந்து சொன்னேனே. பூஞ்சைடா. எலி செத்துக் கிடக்குது."

"எல்லா குடோன்லயும் எலி இருக்கும்."

"உன் பொண்ணுக்கு அந்த மாவைக் குடுப்பியா?"

இப்போதுதான் என்னைப் பார்த்தான். கோபமோ வெட்கமோ அந்த முகத்தில் இல்லை. மிகச் சாதாரணமாகச் சொன்னான்:

"இல்லக்கா. மழைக்கப்புறம் நாங்க அந்த பிராண்ட் வாங்கறதே இல்ல."

முதலாளியின் பேராசையாவது எனக்குப் புரிந்தது. இது புரியவில்லை. எத்தனை வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறோம். அவன் மனைவி கொடுத்தனுப்பும் புளியோதரையில் பாதி எனக்குத்தான் வரும். அவன் எதிரில் உட்கார்ந்திருப்பதே எனக்குக் கூசியது.

என் லேப்டாப்பைத் திறந்து வெப்சைட்டில் அந்தச் சரக்கு எல்லாவற்றையும் பூஜ்யமாக்கினேன். அவன் மறுபடி மாற்றினான். நான் மறுபடி பூஜ்யமாக்கினேன். பேச்சே இல்லாமல், எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரும் இதைச் செய்துகொண்டிருந்தோம். மதியத்துக்குள் என் பாஸ்வேர்டை முடக்கிவிட்டான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த மாடிக்கு அதன்பின் நான் போகவில்லை.

பேரும் நம்பருமாகப் போனில் வந்திருந்த ஆர்டர்கள் மட்டும் என்னிடம் மிச்சம் இருந்தன. வீட்டுக்கு வந்து, மூன்று நாளாக ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பாதிப் பேர் எடுக்கவில்லை. மூன்றாம் நாள்தான் எடுத்த மாடம்பாக்கத்துப் பெண் ஒருத்தி முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்க யாரு? வேற கம்பெனியா? அவங்க பேரைக் கெடுக்கப் பாக்கறீங்களா?" என்றாள்.

"இல்லம்மா. நான் அந்தக் குடோனைக் கண்ணால பாத்தேன். ஸ்டிக்கரை உரிச்சுப் பாருங்க, அடியில பழசு இருக்கும்."

"எங்க நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது? அதை மொதல்ல சொல்லுங்க." வைத்துவிட்டாள்.

அதற்குள் என் கணவர் பெயரில் நானே ஒரு பாக்கெட்டுக்கு ஆர்டர் போட்டிருந்தேன். அழகான அட்டைப்பெட்டியில் வந்தது. உள்ளே சிரிக்கிற குழந்தையின் படம் போட்ட நன்றிச் சீட்டு வேறு. பாக்கெட்டின் ஸ்டிக்கரை ஆவி காட்டி உரித்தேன். அடியில் பழைய ஸ்டிக்கர், அதன் ஓரத்தில் சேறு. பாக்கெட்டைப் பிரித்தால் அதே புளித்த நாற்றம். பிரிக்காத பாக்கெட் ஒன்றும் வேண்டியிருக்கும் என்று கணவர் சொன்னதால் மறுபடியும் ஒன்று வாங்கி, இரண்டையும் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். பிரித்த பாக்கெட்டை முகர்ந்த அதிகாரி உடனே அதை ஜன்னலோரமாகக் கொண்டுபோய் வைத்தார்.

"நீங்க அங்க வேலை செஞ்சவங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். சரக்கு டேமேஜில் இருக்கும்போதே வெப்சைட்டில் விற்பனையான விவரத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதினேன்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனைக்குப் போனார்கள். குடோனைப் பூட்டி, சரக்கைக் குழிதோண்டிப் புதைக்க வைத்தார்கள். அன்றைக்கே முதலாளியிடமிருந்து போன் வந்தது.

"வூட்டு மனுசி மாதிரி நெனச்சேன் மேடம். இப்படி நம்பிக்கை துரோகம் பண்ணிட்டீங்களே."

அவர் குரலில் உண்மையான வேதனை இருந்தது. அதுதான் எனக்கு மேலும் அருவருப்பாக இருந்தது. போனை வைத்துவிட்டேன்.

மாடம்பாக்கத்துப் பெண் ஒரு வாரம் கழித்து அவளாகவே கூப்பிட்டாள். ஸ்டிக்கரை உரித்துப் பார்த்திருக்கிறாள். நான் போன் செய்வதற்கு முன்பே ஒரு வேளை கஞ்சி கொடுத்துவிட்டாளாம், குழந்தைக்கு வாந்தியும் பேதியுமாகி டாக்டரிடம் ஓடினாளாம். இப்போது பரவாயில்லை என்றாள். "அன்னிக்கு உங்களத் திட்டிட்டேன் அக்கா," என்றாள். அவள் அழுகையை நிறுத்தும்வரை போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் அடங்கி, கோடை வருவதற்குள், அதே சத்துமாவு வேறு பெயரில் வேறு வெப்சைட்டில் வந்துவிட்டது. குழந்தையின் படம் மட்டும் மாறியிருந்தது. இணைப்பு வேலை யாருடையது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. எங்கள் பாணி. நான் சொல்லிக்கொடுத்த விதத்திலேயே ஒவ்வொன்றும் அமைந்திருந்தது. இப்போது வீட்டிலிருந்தே தனியாக வேலை செய்கிறேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

போன மாதம் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் அவனைப் பார்த்தேன். மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு வந்தான். நன்றாக வளர்ந்திருந்தாள்.

"அக்கா! எப்படி இருக்கே? இன்னும் கோவமா? பாப்பா, அத்தைக்கு டாட்டா சொல்லு," என்றான்.

குழந்தை கையாட்டியது. நானும் அதற்குக் கையாட்டினேன். அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கீழே செங்கல்பட்டு வண்டி வந்து நின்றது. அவனைக் கடந்து படியிறங்கிப் போய் லேடீஸ் பெட்டியில் ஏறி, அவன் நிற்காத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.