கோல் போஸ்ட்டைக் கழற்ற இருந்த வருஷம்

1. அதிபரின் அறை

“டீச்சர், அந்தக் கோல் போஸ்ட் ரெண்டையும் கழட்டப் போறம். நீங்க கோவிக்கக் கூடாது.”

தைப்பொங்கல் முடிந்த கிழமை அதிபர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இது. கோவிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே கோபம் வந்துவிடும். கதிரையில் உட்காராமலே கேட்டேன்.

“ஏன் சேர், போஸ்ட் என்ன செஞ்சது?”

“போஸ்ட் ஒண்டும் செய்யல்ல. விளையாடத்தான் ஆள் இல்ல. போன வருஷமும் வோக் ஓவர், அதுக்கு முதல் வருஷமும் வோக் ஓவர். வலயக் கல்வி ஒபிஸில கூட்டத்துக்குப் போனா என்னப் பாத்துச் சிரிக்கிறாங்க. அந்த இடத்தில மோட்டச்சைக்கிள் விட ஒரு கூரை போட்டாலாவது பிரயோசனம்.”

வோக் ஓவர் என்றால் குறித்த நேரத்துக்கு அணி மைதானத்துக்கு வராமல் எதிரணிக்கு வெற்றியைச் சும்மா கொடுப்பது. ஐந்து கோல் வாங்கித் தோற்றவன்கூட அடுத்த நாள் சந்தியில் நின்று றெபரியைத் திட்டலாம். வோக் ஓவர் கொடுத்தவன் யாரைத் திட்டுவான்?

“இந்த வருஷம் நாங்க இறங்குறம் சேர்” என்றேன்.

“இறங்கினா கழட்டமாட்டன். இறங்காட்டி அடுத்த நாளே கழட்டுவன்.”

“இறங்கித் தோத்தா?”

“தோக்கிறது பிரச்சின இல்ல டீச்சர். போகாம விடுறதுதான் வெக்கம்.”

மனிதர் மோசமானவர் இல்லை. அவருக்கு ஏ.எல். பரீட்சைப் பெறுபேறு காட்ட வேண்டும், எனக்கு அணி காட்ட வேண்டும். இருவரும் ஒரே பிள்ளைகளைத்தான் இழுத்துக்கொண்டிருந்தோம்.

2. அணி கரைந்த விதம்

நான் படித்த காலத்தில் ஆடியது வலைப்பந்து. இந்தப் பள்ளிக்கு விளையாட்டு ஆசிரியையாக வந்த முதல் நாளே உதைபந்தாட்டத்தை என் தலையில் கட்டினார்கள். பின்னேர வெயிலில் நிற்க ஆண் ஆசிரியர்கள் ஒருவருக்கும் விருப்பமில்லை, அதுதான் காரணம். “கையால ஆடினவக்குக் காலால ஆடுறதக் குடுத்திருக்காங்க” என்று ஆசிரியர் அறையில் பகிடி பண்ணினார்கள். நான் விதிப்புத்தகத்தை வாங்கி வரிக்கு வரி படித்தேன். படித்தது பிறகு ஒரு நாள் கை கொடுத்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

எங்கள் மைதானம் வாவிக் கரையில் இருக்கிறது. முழுக்க மணல். அந்த மணலில் ஓடிப் பழகிய பிள்ளைகள் நகரத்துப் பெரிய பள்ளிகளை வென்றிருக்கிறார்கள். அந்த நாளைய கெப்டன் தயாபரன். அவன் பந்தோடு ஓடினால் கரையில் வலை உலர்த்துகிறவர்கள்கூட வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள்.

பிறகு அணி கரைந்தது. யாரோ ஒருவரைக் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதிச் சித்தியடைந்தவன் நகரத்துப் பள்ளிக்குப் போனான். ஓ.எல். எழுதியவன் கட்டாருக்குப் போகப் பாஸ்போட் எடுத்தான். மிஞ்சியவன் டியூசனுக்குப் போனான். ஊரிலேயே பெரிய டியூசன் கொட்டில் சந்தியில் இருக்கிறது. அதன் பௌதிகவியல் மாஸ்டர் யார் என்று கேட்கிறீர்களா? எங்கள் கெப்டன் தயாபரன்தான். அவனுடைய வகுப்பு மூன்று மணிக்குத் தொடங்கும். எங்கள் பயிற்சியோ காலங்காலமாக நாலு மணிக்கு.

3. உச்சி வெயில்

ஜனவரியில் வலயப் போட்டிக்குப் பதினொரு பேரின் பெயரைக் கொடுத்துவிட்டேன். பெயர் கொடுப்பது சுலபம். பயிற்சிக்கு நாலு மணிக்குப் போய் நின்றால் நானும் பந்தும்தான் நிற்போம். விடியப்புறம் வைத்துப் பார்த்தேன். அந்த நேரம் பாதிப் பேர் தகப்பன்மாரோடு தோணியில் நிற்கிறார்கள்.

ஒன்றரைக்குப் பள்ளி விடும், மூன்றுக்கு டியூசன். இடையில் உள்ள நேரம்தான் எனக்குக் கிடைத்தது. உச்சி வெயில். எங்கள் பிள்ளைகள் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள். அந்த நேரத்து மணலில் கால் வைத்தால் வறுகிற சட்டியில் வைத்த மாதிரி. முதல் நாள் அந்த வருஷத்துக் கெப்டன் டினோஜன் இரண்டு எட்டு வைத்துவிட்டு, குதித்துக் குதித்து ஓடிப் போய் வாவித் தண்ணீருக்குள் நின்றான். மற்றவர்களும் அவன் பின்னால் ஓடினார்கள்.

“டீச்சர், இஞ்ச நிண்டே விளையாடுவம். இஞ்ச சுடல்ல” என்றான்.

சித்திரைக்குக் கிட்டவானால் எங்கள் கரையில் வாவி வற்றிவிடும், வெகுதூரத்துக்குக் கரண்டைக்கால் அளவுதான் தண்ணீர். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். அன்றிலிருந்து எங்கள் பயிற்சி தண்ணீருக்குள்தான். பந்து உருளாது, மிதக்கும். உதைத்தால் தண்ணீர்தான் பறக்கும். ஆகவே பிள்ளைகள் காலை அடியில் கொடுத்துப் பந்தைக் கோதித் தூக்கிப் போடப் பழகினார்கள். தண்ணீருக்குள் ஓடுவது மணலில் ஓடுவதைவிடக் கஷ்டம், ஆனாலும் ஒருவனும் முறைப்பாடு சொல்லவில்லை.

முறைப்பாடு வேறு பக்கத்தால் வந்தது. கோல்காப்பாளன் அன்ரனின் தாய் பள்ளிக்கே வந்துவிட்டாள்.

“டீச்சர், எங்கட புள்ளைகள முதலைக்குக் குடுக்கவா பள்ளிக்கு விட்டிருக்கம்?”

“கரண்டக்கால் தண்ணிக்குள்ள முதல வந்தா அதுக்குத்தான் வெக்கம்” என்றேன். “உங்கட மனிசன் அதிலதானே வல போடுறார். அவரக் கேட்டுப் பாருங்க.”

அவள் சிரிக்கவில்லை. “முதல கிடக்கட்டும். இவன் வந்தாறுமூலைக் கேம்பஸுக்காவது போக வேணும் எண்டுதான் நாங்க ரெண்டு பேரும் கிடந்து பாடுபடுறம். ஒரு கிளாஸ் விட்டாலும் நான் அனுப்பமாட்டன். அவன் ஃபெயில் விட்டா நீங்க மார்க் போடுவீங்களா?”

மார்க் என்னால் போட முடியாது. டியூசனுக்கு ஒரு நாளும் பிந்த விடமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்தேன். பிறகு வெயில் கூடக் கூட ஆள் குறைந்தது. அன்ரன் மட்டும் ஒழுங்காக வந்தான், இரண்டே முக்காலுக்கு ஈரக் காற்சட்டையோடு சைக்கிளில் பறப்பான்.

4. சந்திக் கொட்டில்

முதல் ஆட்டம் ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், நகரத்தில். எதிரணி நகரத்துப் பெரிய பள்ளி. தோற்றால் அதோடு அந்த வருஷம் முடிந்தது.

மத்தியானம் பள்ளிக் கடப்படி வாசலில் எங்களை ஏற்ற வான் வந்து நின்றது. பிள்ளைகளை எண்ணினேன். ஆறு பேர். திரும்பவும் எண்ணினேன். எண்ணிக்கை கூடவில்லை.

“மத்தவங்க எங்க மனே?”

டினோஜன் நிலத்தைப் பார்த்தான். “தயாபரன் சேர் இண்டைக்கு மாதிரிப் பேப்பர் கிளாஸ் வெச்சிட்டார் டீச்சர். அன்ரனும் அங்கதான். தாய் கொண்டுவந்து விட்டுட்டுப் போறா.”

விதிப்புத்தகத்தில் படித்தது இப்போதுதான் வேலைக்கு வந்தது. ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம். ஆறு பேர் என்றால் வோக் ஓவர். எனக்கு ஓர் ஆள் குறைகிறது. அந்த ஓர் ஆளுக்காக எங்கள் கோல் போஸ்ட் திங்கட்கிழமை கழன்றுவிடும்.

வானை நிற்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். போகிற வழியெல்லாம் தயாபரனைத் திட்டிக்கொண்டே போனேன். சனிக்கிழமை ஆட்டம் என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் வைத்தானா? அவனுக்கு விசில் ஊதிப் பழக்கியவள் நான். அவனுடைய கொட்டிலுக்கு ஒரு நாளும் போனதில்லை. போய்க் கேட்பது மரியாதைக் குறைவு என்று ஒரு வீம்பு.

தகரக் கூரை, வாங்குகளில் நெருக்கி உட்கார்ந்த பிள்ளைகள், முன்னுக்கு மைக்கோடு தயாபரன். சேட்டு முழுக்க வியர்வை. நான் வாசலில் நின்றதும் முழு வகுப்பும் திரும்பிப் பார்த்தது. அவன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வந்தான்.

“என்ன டீச்சர், இந்த வெயிலுக்குள்ள?”

“தயாபரன், எனக்கு ஒராள் வேணும். ஆறு பேர்தான் இரிக்காங்க. இண்டைக்கு இறங்காட்டிப் போஸ்டக் கழட்டுறாங்க.”

“எந்தப் போஸ்ட்?”

“நீ கோல் போட்ட போஸ்ட்தான்.”

அவன் முகம் மாறியது. “எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே டீச்சர்.”

“நீயும் கேக்கல்ல, நானும் சொல்லல்ல. மறுகா சண்டை பிடிப்பம். இப்ப எனக்கு ஆளத் தா.”

“டீச்சர், நான் விட்டாலும் தாய்மார் விடமாட்டாங்க. பேப்பர் விட்டா மறுகா எழுதக் கிடைக்காது எண்டு பயப்படுறாங்க. அது நான் போட்ட சட்டம்தான்.” சற்று நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு திரும்பிப் போய் மைக்கை எடுத்தான்.

“புட்போல் டீமில பேர் குடுத்தவங்க எழும்புங்க. இந்தப் பேப்பர உங்களுக்கு நான் ஞாயித்துக்கிழம காலையில தனிய வெச்சுத் தாறன். வீட்ட நான் கதைக்கிறன். போறவன் போகலாம்.”

ஒருவரும் அசையவில்லை. முன் வாங்கில் இருந்த அன்ரன் பேனையை மூடினான், பேப்பரைக் கவிழ்த்து வைத்தான், எழும்பினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. அவன் எழும்பியதைப் பார்த்துப் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழும்பினார்கள். இடையில் பயிற்சிக்கு வராமல் நின்றவர்கள். ஒருவன் நீளக் காற்சட்டையோடு இருந்தான். வானுக்குள் கத்தரிக்கோல் தேடி முழங்காலுக்கு மேல் வெட்டினோம்.

ஒன்பது பேரானோம்.

5. புல்லில்

நகரத்து மைதானம் பச்சைப் புல். வெட்டி, தண்ணீர் விட்டு, கம்பளம் மாதிரி வைத்திருக்கிறார்கள். அதில்தான் எங்கள் பிள்ளைகள் ஊர் உலகத்தில் ஒருவரும் விடாத பிழையை விட்டார்கள். பந்து காலுக்கு வந்ததும் பழக்கத்தில் கோதித் தூக்கினார்கள். பந்து ஆகாயத்துக்குப் போனது, நேரே எதிரணியின் தலைக்கு. திரும்பவும் வந்தது, திரும்பவும் தூக்கினார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். இடைவேளைக்குள் நாலு கோல் வாங்கிவிட்டோம்.

எதிரணிக் கோச் மரியாதையான பிள்ளை. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

“டீச்சர், ஒம்பது பேர வெச்சிக்கொண்டு என்னத்துக்குக் கஷ்டப்படுறீங்க? இதோட நிப்பாட்டுவம். புள்ளைகளுக்கும் வெக்கம்தானே.”

நான் பிள்ளைகளைப் பார்த்தேன். அன்ரன்தான் கதைத்தான்.

“நான் பேப்பர விட்டுட்டு வந்தநான் டீச்சர். அரைவாசியில போகேலா.”

கோச்சுக்கு அதுதான் பதில். நான் பிள்ளைகளைக் கூட்டி ஒன்றே ஒன்று சொன்னேன். “இஞ்ச தண்ணி இல்ல மனே. பந்த நிலத்தில விடுங்க. அது தானா உருளும்.”

உருண்டது. தண்ணீருக்குள் இழுத்து ஓடிய கால்கள் புல்லில் ஓடத் தொடங்கின. எதிரணி வியர்த்து மூச்சு வாங்குகிற நேரம் எங்கள் ஒன்பது பேரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவது பாதியில் ஒரே ஒரு கோல்தான் வாங்கினோம். முடிகிற நேரம் அன்ரன் நீளமாக அடித்த பந்தை டினோஜன் துரத்திப் பிடித்தான். எதிரணிக் கோல்காப்பாளன் ஓடி வந்து காலடியில் விழுந்தான். டினோஜன் வாவியில் பழகிய மாதிரியே பந்தைக் கோதி, அவனுக்கு மேலால் உள்ளே போட்டான். முன்பு சிரித்த அதே ஆட்கள் எழும்பி நின்று கை தட்டினார்கள்.

6. திங்கட்கிழமை

“எத்தின கோல்?” என்று அதிபர் கேட்டார்.

“அஞ்சு வாங்கினம் சேர். ஒண்டு போட்டம்.”

“ஒம்பது பேரோடயா?”

“ஓம் சேர்.”

அவர் யன்னலால் மைதானத்தைப் பார்த்தார். “சரி. மோட்டச்சைக்கிள் வெயிலில நிண்டா செத்துப்போகாது” என்றார். அதற்குப் பிறகு போஸ்ட்டைப் பற்றி அவர் கதைக்கவில்லை.

தயாபரன் அந்தக் கிழமையே மைதானத்துக்கு வந்தான். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மணலில் நடந்து போய்ப் போஸ்ட்டைத் தட்டிப் பார்த்தான். “செவ்வாயும் வியாழனும் என்ட கிளாஸ் ஆறு மணிக்கு, டீச்சர். தாய்மாரோட கதைச்சிட்டன்” என்றான். அதனால் அவனுக்கு நட்டம்தான். சில பிள்ளைகள் எதிர்ப் பக்கத்துக் கொட்டிலுக்குப் போய்விட்டார்கள். அவன் நேரத்தை மாற்றவில்லை. அன்ரனின் தாய் என்னோடு இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கிறதில்லை. ஆனால் பயிற்சி நாட்களில் மகனிடம் ஒரு போத்தல் தேசிக்காய்த் தண்ணீர் கூடுதலாகக் கொடுத்துவிடுகிறாள். யாருக்கு என்று அவனும் சொல்கிறதில்லை, நானும் கேட்கிறதில்லை.

பழைய வெற்றிக் கிண்ணங்கள் திரும்பி வரவில்லை. வரும் என்று உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். பள்ளியில் பிள்ளைகள் இன்னும் குறைந்துகொண்டுதான் போகிறார்கள். நான் ஓய்வுபெற்றுவிட்டேன். என் இடத்துக்கு வந்த தம்பி போன மாதம் போன் எடுத்து, “பதினொரு பேர் சேரல்ல டீச்சர், இந்த வருஷம் விடுவமா?” என்று கேட்டார்.

அவருக்குச் சொன்னதையே, விளையாட்டு ஆசிரியர்களாகப் புதிதாக நியமனம் பெற்று வருகிற உங்களுக்கும் சொல்கிறேன். பதினொரு பேர் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். யார் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருக்கிறார்களோ, அவர்களுடைய வாசலுக்குப் போய்க் கேளுங்கள். வீம்பு பார்க்காதீர்கள். ஏழு பேரோடு மைதானத்தில் இறங்குங்கள். மிச்சத்தை விசில் ஊதின பிறகு பார்த்துக்கொள்ளலாம்.