தேரோட்டத்தைப் பதிவு செய்த நாள்

எங்கள் வீட்டில் டிவி பார்க்க வேண்டுமென்றால் முதலில் ஒரு விளையாட்டுப் பெட்டியை ஆன் செய்ய வேண்டும். ஐப்பசி மழையில் விழுந்த இடியில் கேபிள் செட்டாப் பாக்ஸ் கருகிப்போனது. கேபிள்காரர் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தம்பி, தான் விளையாடுவதற்காகக் கொண்டுவந்திருந்த கேம் கன்சோலை ஹால் டிவியில் மாட்டிவிட்டான். வீட்டில் இன்டர்நெட் இருந்தது. செய்தி, சீரியல், பழைய பாட்டு எல்லாம் அதிலேயே வந்தன. அம்மாவுக்கு முதலில் நம்பிக்கையே இல்லை. துப்பாக்கியால் சுடுகிற பெட்டியில் சீரியல் எப்படி வரும் என்று கேட்டாள். வந்த பிறகு சாமி படத்துக்குப் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

டிவி அதிகம் தேவைப்பட்டது அய்யாவுக்குத்தான், அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் பேச்சும் போயிருந்தன. ஹாலில் டிவிக்கு எதிரே கட்டில் போட்டிருந்தோம். மிளகாய்த் தோட்டத்தில் நிற்கிற ஆளை இங்கிருந்தே ஒரு அதட்டலில் திருப்பக்கூடிய மனிதர், தண்ணீர் வேண்டுமென்றால் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுகிற நிலைக்கு வந்திருந்தார். அவரைப் பார்த்துக்கொள்வதற்காக நான் இராமநாதபுரத்துப் பள்ளிக்கூட வேலையை விட்டேன். விடு என்று யாரும் சொல்லவில்லை. விடாதே என்றும் யாரும் சொல்லவில்லை.

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அய்யா விழுந்த வருடம், அவர் கண்ணால் ஒரு கல்யாணமாவது பார்க்கட்டும் என்று தம்பிக்கு அவசரமாக முடித்தார்கள். மூத்தவள் நான் பந்தி கவனித்தேன். தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு துபாய் போய்விட்டான். அவளுக்கும் அங்கேயே வேலை. அந்த விடுமுறைக்கு அவன் மட்டும்தான் வந்திருந்தான்.

தம்பி மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. அதைச் சொல்லிவிட வேண்டும். சின்ன வயதில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே பாண்டி ஆடியிருக்கிறேன். இந்த வீட்டில் என் பக்கம் ஒருவன் இருக்கிறான் என்றால் அது அவன்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கார்த்திகையில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தொண்டிப் பக்கத்தில் ஆசிரியர் வேலை, தமிழாசிரியர். நாற்பதை நெருங்கியவர். தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தனக்குப் பார்க்க ஆரம்பித்தவர். தாய் தகப்பன் இல்லை, மூத்த அக்காதான் எல்லாம். பெண் பார்க்கிற சடங்கு எனக்குப் புதிதில்லை. காப்பித் தட்டை நீட்டுவேன், மேலும் கீழும் பார்ப்பார்கள், ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்பார்கள். ஊர் அவர்களுக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கும் போல, பதில் வந்து சேராது.

இவர் தட்டில் இருந்த காப்பியை எடுத்துக்கொண்டு நேராக அய்யாவின் கட்டிலுக்குப் போனார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இந்த வருடம் மழை பரவாயில்லையே, மிளகாய் எப்படி என்று கேட்டார். அய்யாவால் பதில் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டுவிட்டு, பதில் வந்த மாதிரியே தலையை ஆட்டி, அடுத்ததைக் கேட்டார். அய்யா பாதி முகத்தால் சிரித்தார். அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

அவர்கள் போன பிறகு தம்பி என்னைச் சீண்டினான். "என்னக்கா, மொகமெல்லாம் பல்லா இருக்கு?"

"போடா, வேலையப் பாத்துக்கிட்டு."

"வாத்தியாருக்குக் கொரல் நல்லா இருக்குல்ல? கேபிள் சேனல்ல கோயில் திருவிழாவுக்கெல்லாம் வர்ணனை பண்ணுறாராம். நம்ம பக்கத்தூருத் தேருக்கும் அவருதானாம். ரெக்கார்டு பண்ணி வச்சுக்க."

சொன்னதோடு நிற்காமல் எப்படி என்று கற்றும் கொடுத்தான். ரிமோட்டில் இந்தப் பொத்தானை அழுத்து, திரையில் ஓடுவது பெட்டிக்குள் பதிவாகும், ஒரு மணி நேரம் வரை தாங்கும் என்றான். பெரிய சேனல்களைப் பிடிக்க விடாது, இந்தக் காட்சியைப் பதிவு செய்ய இயலாது என்று எழுத்து வரும். உள்ளூர்க் கேபிள்காரர் இணையத்தில் விடுகிற நேரலைக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. அந்த ரிமோட்டிலேயே மைக் உண்டு. தம்பி விளையாடும்போது துபாயில் இருக்கிற கூட்டாளிகளோடு அதில்தான் பேசுவான், சிரிப்பான், திட்டுவான். அந்த மைக்கைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

தேரோட்டத்தன்று அம்மா என்னைக் கோயிலுக்கு விரட்டினாள். "அய்யாவுக்கு வேண்டிக்கிட்ட மாவெளக்கு நின்னு போச்சுல்ல. இன்னைக்குப் போட்டுட்டு வா தாயி. இவர நான் பாத்துக்கிறேன்." அம்மா என்னை வெளியே அனுப்புவது அபூர்வம். வாய் நிறையத் தாயி என்றதும் அபூர்வம். எனக்கு அது உறைக்கவில்லை. பச்சரிசி மாவும் வெல்லமும் இடித்து எடுத்துக்கொண்டேன். கிளம்புகிற நேரத்தில் டிவியில் நேரலை ஆரம்பித்தது. "அன்பான பக்தர்களுக்கு வணக்கம்" என்று அவர் குரல் வந்தது. பொத்தானை அழுத்திவிட்டு ரிமோட்டை அய்யாவின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். தம்பி அதைப் பார்க்கவில்லை, கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

கோயிலில் மாவிளக்கு போட்டேன். மேடையில் மைக்கோடு நின்றவரைக் கூட்டத்துக்குள்ளிருந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பரவாயில்லை, குரல் வீட்டில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அய்யா ஒரு மாதிரியாக இருந்தார். சாப்பிட வாயைத் திறக்கவில்லை. இடது கையைத் தூக்கி டிவியைக் காட்டினார். செய்தி போட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாளும் அதே. டிவியைக் காட்டுவார், அம்மாவைக் காட்டுவார், மறுபடி டிவி. பழைய பாட்டு போட்டேன். கிரிக்கெட் போட்டேன். "என்னதான்யா வேணும் உங்களுக்கு?" என்று ஒரு நாள் சத்தம் போட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து, "வயசாயிட்டா அப்படித்தான். விட்டுத்தள்ளு" என்றாள்.

தொண்டியிலிருந்து பதில் வரவில்லை. தம்பியிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். பார்ப்போம்க்கா என்றான். பிறகு ஒரு நாள் அவனே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். பொருத்தம் சரியில்லை என்று சொல்லிவிட்டார்களாம். "நீ ஒண்ணும் நெனைச்சுக்கிறாதக்கா. ஒனக்குன்னு ஒருத்தன் பெறக்காமலா இருப்பான்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். கண்கூடக் கலங்கியிருந்தது. அவனைத் தேற்றியது நான்.

அதுவரை அந்தப் பதிவை நான் போட்டுக் கேட்கவே இல்லை. வீட்டில் எப்போதும் ஆள் இருந்தார்கள், எனக்கு வெட்கம். இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அழித்துவிடலாம், அழிப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அம்மாவும் தம்பியும் இராமநாதபுரத்துக்குத் துணி எடுக்கப் போன அன்று பதிவைப் போட்டேன். அய்யா கட்டிலில் இருந்தார்.

முதலில் வணக்கம். பிறகு வடம் பிடிப்பவர்கள், மேளம், கூட்டம். குரல் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அந்தக் குரலுக்குப் பின்னாலிருந்து எங்கள் அம்மா பேசினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பி வாசலைப் பார்த்தேன், யாரும் இல்லை.

"எலே, டிவிச் சத்தத்தக் கொறைடா. ஒரு விசயம். மாப்பிள்ளையோட அக்கா காலையில போன் பண்ணுச்சு."

"என்னவாம்?" இது தம்பி.

"புடிச்சிருக்காம். தையிலயே வச்சுக்கிருவோம்ங்குது. அய்யாவையும் கூட்டிட்டு வாங்க, எங்களோட வச்சுப் பாத்துக்கிறோம்னு மாப்பிள்ளையே சொல்லுறாராம்."

டிவியின் சத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் பதிவாகும் சத்தம் அதனால் குறையாது. அவர் பாட்டுக்கு முழுக்குரலில் தேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கடியில் தம்பி பேசினான்.

"அதெப்படிம்மா? மகன்னு நான் ஒருத்தன் இருக்கேன்ல. அய்யா மருமகன் வீட்டுல போயிக் கெடந்தா நான் ஊருக்குள்ள எப்படித் தலைகாட்டுறது?"

"அதுவும் இருக்கு. இவ போயிட்டா ஒத்தையில என்னால ஏலாதுடா. தூக்கணும், குளிப்பாட்டணும். ஒம் பொண்டாட்டி வந்து பாப்பாளா?"

"அவ எப்படி வருவா? பேசாம வேண்டாம்னு சொல்லிருவோம்."

"என்னன்னு சொல்லுறது? பொருத்தமெல்லாம் அவுகளே பாத்து நல்லாருக்குன்னுட்டாக."

"அக்காவுக்கு இஷ்டமில்லன்னு சொல்லிருவோம். அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாக."

அப்போது கட்டில் சட்டத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஓங்கி ஓங்கித் தட்டுகிற சத்தம். கூடவே அய்யாவின் தொண்டையிலிருந்து வருகிற அந்த முனகல். அம்மா சொன்னாள்: "சும்மா கெடங்க. தேரு வருது பாருங்க, டிவியப் பாருங்க."

பிறகு தம்பி போனில் பேசினான். "ஆமாங்க. அக்காவுக்கு இஷ்டமில்லங்க. இல்லங்க, நாங்க எவ்வளவோ சொல்லிப் பாத்தோம். இங்கனதான் இருக்குது, பேச மாட்டேங்குது. மன்னிச்சுக்கங்க." தேர் தெற்கு வீதி திரும்புகிறது, முட்டுக்கட்டை போடுபவர்களுக்கு வழி விடுங்கள் என்று அவர் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அந்த நேரத்தில் அங்கேதான், மாவிளக்கு அணையாமல் சேலைத் தலைப்பால் மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அய்யாவைத் திரும்பிப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார். இடது கையைத் தூக்கி டிவியைக் காட்டினார்.

அம்மா எங்கே போனாலும் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். அதிலிருந்து அந்த அக்காவைக் கூப்பிட்டேன். நான் யார் என்று சொன்னேன். எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது, நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை என்றேன். எப்படி அவ்வளவு தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

"இப்ப சொல்லுறியேம்மா" என்றார். "போன வாரந்தான் திருவாடானைப் பக்கம் ஒரு எடத்துல தாம்பூலம் மாத்துனோம். எந் தம்பி அன்னைக்கு ரெண்டு தடவ கேட்டான், அந்தப் பொண்ணு வாயாலயே சொல்லுச்சான்னு. நீ பக்கத்துலதான் நிக்கிறேன்னு ஒங்க தம்பி சொன்னாரு. நான் என்னம்மா செய்வேன்?" அவர் மேல் தப்பில்லை. போனை வைத்துவிட்டு அய்யாவுக்குக் கஞ்சி கரைத்துக் கொடுத்தேன். அன்றைக்கு அவர் வாயைத் திறந்தார்.

பொழுது சாயத் துணிப் பைகளோடு இருவரும் வந்தார்கள். எனக்கும் ஒரு சேலை எடுத்திருந்தார்கள், நல்ல சேலை. நான் பதிவை அம்மா பேச ஆரம்பிக்கிற இடத்திலிருந்து ஓட விட்டேன். சத்தத்தை முழுதாக வைத்தேன். அம்மா பையைக் கீழே வைக்காமல் நின்றபடியே கேட்டாள். அவளுடைய குரல் முடிந்ததும், "ஒன் நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பித்தாள். எது என் நல்லது என்று கேட்டேன். பையோடு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

தம்பியைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்பான், குறைந்தது தலையாவது குனிவான் என்று எதிர்பார்த்தேன். அவன் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மைக் ஆன்லயா இருந்துச்சு?" என்றான்.

அதுதான் அவன் முதலில் கேட்டது. பிறகு குரலை உயர்த்தினான். "அப்ப எங்கள ஒட்டுக்கேக்கத்தான் ரெக்கார்டு போட்டியா? கூடப் பெறந்தவனையே வேவு பாத்திருக்க?" குற்றவாளி நான்தான் என்று அவனுக்கு முடிவாகிப்போயிற்று. என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கியது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அது நெசமாத்தான் அழுதேன் என்றான். அவன் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம்.

மறுநாள் நான் அய்யாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் அந்தப் பதிவை அழித்துவிட்டான். புது கேம் ஏற்ற இடம் இல்லையாம். மைக்கையும் அணைத்துவைத்தான். விடுமுறை முடிந்து கிளம்பும்போது, அய்யா பார்க்கட்டும் என்று பெட்டியை எங்களுக்கே விட்டுவிட்டுப் போனான். வாசல் வரை போய் வழியனுப்பவில்லை நான்.

அன்று சாயங்காலமே செட்டிங்ஸுக்குள் போய் மைக்கைத் திரும்பவும் ஆன் செய்தேன். ஒளிவுமறைவாகச் செய்யவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, இந்த ரிமோட் இனிமேல் இங்கேதான் இருக்கும், பேசுவதெல்லாம் இதில் விழும் என்று சொல்லிவிட்டுத்தான் கட்டிலில் வைத்தேன். தம்பி துபாயிலிருந்து கூப்பிட்டால் அம்மா போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுகிறாள். ஹாலில் யாரும் எதுவும் பேசுவதில்லை. அய்யா டிவி பார்க்கிறார். அதன் பிறகு அவர் ஒரு தடவைகூட அதைக் கை நீட்டிக் காட்டவில்லை.